ஆடிக் காற்றில் ஐயப்பன்தாங்கல்

"வெயில் குறைஞ்சிடுச்சா?" என்று ஆடி மாதத்தில் சென்னைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள். அக்னி நட்சத்திரம் மே மாதக் கடைசியிலேயே முடிந்துவிட்டது என்று பஞ்சாங்கம் சொல்லும். சுவர் அதை நம்பாது. ராத்திரி பத்து மணிக்குக் கை வைத்தாலும் சுடும்.

நம் பெரியவர்கள் இதற்கென்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். அதாவது, வெயிலுக்கு வயதாகிவிட்ட காலம். அடுத்து ஆவணி, புரட்டாசி கார்காலம். வெளிநாட்டுக் கதைகளில் வருவது போல மரமெல்லாம் மஞ்சளாகி இலை உதிரும் காலம் நமக்குக் கிடையாது. நமக்கு வெயிலுக்கு அப்புறம் மேகம்தான். அந்த மேகம் வந்து சேரும் வரைக்கும் உள்ள நாட்களை நான் இந்த வருஷம்தான் உட்கார்ந்து ரசித்தேன். எங்கேயோ ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய் அல்ல. எங்கள் ஐயப்பன்தாங்கலில், வீட்டு மொட்டை மாடியில்!

"ஐயப்பன்தாங்கலா? பஸ் போர்டில் பார்த்திருக்கிறேன்" என்பார்கள். ஆமாம், பெரிய பஸ் டிப்போ இருக்கிறது. போரூரைத் தாண்டி பூந்தமல்லி போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். இப்போது சாலை நடுவில் மெட்ரோ ரயிலுக்கான தூண்கள் வரிசையாக நிற்கின்றன. இரண்டு பக்கமும் அடுக்குமாடி வீடுகள். அவற்றைப் பார்க்கிற யாருக்கும் இது கிராமமாக இருந்த இடம் என்று தோன்றாது. ஊர்ப் பெயர்தான் காட்டிக் கொடுக்கும்.

தாங்கல் என்றால் என்ன தெரியுமா? மழைத் தண்ணீரைத் தாங்கி நிறுத்தும் சின்ன ஏரி. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான். ஒரு ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக அடுத்ததற்குப் போகும். அது நிரம்பினால் அதற்கு அடுத்தது. மழை பெய்வது சில வாரங்கள்தான், அதைத் தாங்கி வைத்தால்தான் வருஷம் பூராவும் சோறு என்று கணக்குப் போட்டவர்கள் வாழ்ந்த பகுதி இது. கொஞ்சம் தள்ளிப் போனால் குமணன்சாவடி, கரையான்சாவடி. சாவடி என்றால் வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறும் இடம். ஆக, தண்ணீரும் நிழலும்தான் இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பெயரே!

இந்த வருஷம் ரசிக்க நேரம் எப்படிக் கிடைத்தது என்று சொல்லிவிடுகிறேன். என் மகள் பிரசவத்துக்கு வந்தாள். மாசியில் பேத்தி பிறந்தாள். மூன்றாம் மாதம் கொண்டுவிட வேண்டியது, ஒரே கத்திரி வெயில் என்று தள்ளிப் போட்டோம். ஐந்தாம் மாதம் என்று பார்த்தால் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாராவது பெண்ணையும் குழந்தையையும் கொண்டுவிடுவார்களா? "ஆவணி முதல் வாரத்தில் நல்ல நாள் இருக்கு. அதுவரைக்கும் இங்கேதான்" என்று என் மாமியார் சொல்லிவிட்டார். ஓசூரில் இருக்கும் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வருத்தம். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஒரு மாதம் இனாமாகக் கிடைத்ததே!

என் மாமியாருக்கு எண்பது வயது. நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் கையிலிருந்து பனையோலை விசிறி இறங்காது. மின்விசிறி தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தாலும் அவர் பாட்டுக்கு விசிறிக் கொண்டிருப்பார். "அது அனலைத்தான்டி கீழே தள்ளுது" என்பார். அதுவும் நிஜம்தானே? மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீட்டில் பகலெல்லாம் தளம் வாங்கி வைத்த சூடு ராத்திரியில் உள்ளே இறங்கும். அதனால் சாயங்காலம் ஐந்தரைக்கு மாடியில் இரண்டு வாளி தண்ணீர் தெளித்து, எட்டு மணிக்குப் பாய் விரித்து எல்லோரும் அங்கேயே சாப்பிடுவது என்று வழக்கமாயிற்று.

மாடியில் உட்கார்ந்த பிறகுதான் காற்றைக் கவனித்தேன். காலையில் மேற்கிலிருந்து வரும் காற்று வறண்டு, புழுதியோடு இருக்கும். 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பது இதைத்தான். கொடியில் போட்ட துணி அடுத்த வீட்டு மாடியில் கிடக்கும்! மத்தியானத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடல் காற்று கிளம்பும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிக்காரர்கள் அனுபவித்த பிறகு மிச்சம்தான் எங்களுக்கு வந்து சேரும். ஆனால் கடவுள் ஈடு கட்டிவிட்டார். இந்த இரண்டு காற்றும் மோதும் இடத்தில்தான் மேகம் எழும்புகிறதாம். ஆடிக் கடைசியிலும் ஆவணியிலும் சாயங்கால மழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வருவதால், பூந்தமல்லியிலும் எங்கள் பக்கமும் பெய்துவிட்டுத்தான் நகரத்துக்குள் போகும். கடல் காற்றுக்கு நாங்கள் கடைசிப் பந்தி; மழைக்கு முதல் பந்தி!

சந்தோஷத்துக்கு நடுவில் ஒரு கசப்பும் வந்தது. ஆடி இரண்டாம் வாரம். அன்று ராத்திரி கரண்ட் வேறு போய்விட்டது. குழந்தை வியர்த்து வழிந்து, வீறிட்டு அழுதாள். "தொண்டை வறண்டு போச்சு புள்ளைக்கு. நாலு சங்கு தண்ணி கொடுங்களேன்" என்றார் அத்தை. "ஆறு மாசம் வரைக்கும் தண்ணியே கொடுக்கக் கூடாது பாட்டி, ஆஸ்பத்திரியிலேயே சொல்லிட்டாங்க" என்றாள் மகள். "நாங்கள்லாம் புள்ளை பெத்து வளர்க்கலியா? வெயில்ல தவிக்கிற வாய்க்குத் தண்ணி இல்லேங்கறது பாவம்டி!"

இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. அதுதான் தப்பு.

மறுநாள் மகள் குளிக்கப் போன நேரத்தில் அத்தை சங்கில் தண்ணீர் புகட்டிவிட்டார். அடுத்த நாளும். மூன்றாம் நாள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. காரணம் அந்தத் தண்ணீர்தானா, வேறு ஏதாவதா, யார் கண்டது? ஆனால் மகள் சங்கைப் பார்த்துவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தை அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

சாயங்காலம் குழந்தை டாக்டரிடம் நாலு தலைமுறையும் போனோம். அத்தை வரமாட்டேன் என்றவரை நான்தான் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். அந்த டாக்டரம்மா குழந்தையின் நாக்கை, கண்ணை, உச்சிக்குழியைப் பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூத்திரம் போகிறாள்?" என்று கேட்டார். "ஏழெட்டுத் தடவை" என்றாள் மகள். "ஆறு தடவைக்குக் குறையாமல் போனால் குழந்தைக்குத் தண்ணீர் போதவில்லை என்று பயப்பட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அத்தையின் பக்கம் திரும்பினார்.

"பாட்டி, தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பங்கு தண்ணீர்தான். எந்த வெயிலானாலும் ஆறு மாதம் வரை அதுவே போதும். இந்தச் சின்ன வயிற்றில் தண்ணீரை நிரப்பினால் பால் குடிப்பது குறையும். அம்மாவுக்குப் பால் சுரப்பதும் குறையும். தண்ணீரில் கிருமி இருந்தால் தாங்கவும் தாங்காது. குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்க ஆசையாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். அவள் அம்மாவுக்குக் கொடுங்கள். அது பாலாகிக் குழந்தைக்குப் போய்ச் சேரும்."

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேத்தியின் முதுகில் கை வைத்து, "அப்போ இவதான் தாங்கல்னு சொல்லுங்க. நான் ஏரியை விட்டுட்டு வாய்க்கால்ல தண்ணி ஊத்தியிருக்கேன்" என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். மகளும் சிரித்தாள், கண்ணில் மட்டும் தண்ணீர்.

டாக்டர் சொன்னபடி செய்தோம். தாய்ப்பாலை நிறுத்தவேயில்லை. அடிக்கடி கொடுக்கச் சொன்னார், அப்படியே கொடுத்தாள். இரண்டு நாளில் குழந்தை பழையபடி ஆனாள். இளம் தாய்மார்கள் இதை மட்டும் நினைவில் வையுங்கள். வாய் உலர்ந்து, உச்சிக்குழி உள்வாங்கி, கண் குழிந்து, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாமல், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் வீட்டில் வைத்துக்கொண்டு கை வைத்தியம் பார்க்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அதே அளவு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். கரைத்ததை ஒரு நாளைக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அன்றிலிருந்து அத்தைக்கு ஒரு உத்தியோகம் கிடைத்துவிட்டது. மகள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டால் போதும், சொம்பும் கையுமாக அத்தை வந்து நிற்பார். ஒரு வேளை மோர், ஒரு வேளை பானைத் தண்ணீர், ஒரு வேளை கூழ். "குடிச்சுட்டு சொம்பைக் காலியாக் கொடு" என்பார். அவள் குடித்து முடிக்கும் வரை விசிறிக்கொண்டே இருப்பார்.

கூழ் என்றதும் நினைவு வருகிறது. ஆடி மாதம் எங்கள் பக்கம் அம்மன் கோயில்களில் எல்லாம் கூழ் வார்ப்பார்கள். அத்தை செய்யும் பக்குவம் இதுதான்: ஒரு டம்ளர் கேழ்வரகு மாவை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து ஒரு ராத்திரி புளிக்க விட வேண்டும். மறுநாள் கால் டம்ளர் நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, அதில் மாவுக் கரைசலை ஊற்றி, அடுப்பைத் தணித்து, கட்டி தட்டாமல் கிளற வேண்டும். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. அதுதான் வெந்த பதம். ஆறியதும் மோரும் உப்பும் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டுக் குடித்தால்... வயிறு குளிர்ந்து போகும். மோர்மிளகாய் கடித்துக்கொள்ளலாம்.

ஒரு ஆடி வெள்ளிக்கிழமை மாங்காடு போனோம். குமணன்சாவடியில் திரும்பினால் கொஞ்ச தூரம்தான். கூட்டத்துக்குப் பயந்து விடியற்காலையிலேயே கிளம்பினோம். கோயில் வாசலில் எலுமிச்சம்பழக் கடைகள் வரிசையாக இருந்தன. காமாட்சியம்மன் இங்கே ஐந்து அக்கினிக்கு நடுவில், இடது கால் கட்டை விரலை ஊன்றி நின்று தவம் செய்தாள் என்பது தல வரலாறு. தவம் முடிந்து அம்மன் காஞ்சிக்குப் போய்விட்டாள். மூட்டிய நெருப்பின் உக்கிரம் மட்டும் தணியாமல் ஊரையே வாட்டியதாம். அப்போது ஆதிசங்கரர் வந்து மூலிகைகளால் அர்த்தமேரு சக்கரம் அமைத்து, அந்த வெப்பத்தைத் தணித்தார் என்கிறார்கள். மூலிகையால் ஆனது என்பதால் அதற்கு அபிஷேகம் கிடையாது, குங்கும அர்ச்சனைதான்.

அங்கிருந்து பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் போய்விட்டு வந்தோம். பூவிருந்தவல்லி என்ற அழகான பெயர்தான் தேய்ந்து பூந்தமல்லி ஆகிவிட்டது. ராமாநுஜர் குருவாக மதித்த திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் இது. நம்பிகளுக்குத் தனிச் சன்னதி இருக்கிறது. சன்னதி முன்னால் உட்கார்ந்து அத்தை கதை சொன்னார். குழந்தை என்னவோ புரிந்த மாதிரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நம்பிகளுக்குப் பெருமாளுக்கு விசிற வேண்டும் என்று ஆசையாம். ஸ்ரீரங்கம் போனார். "எனக்குச் சுற்றிலும் காவேரி ஓடுகிறது, விசிறி எதற்கு?" என்றாராம் அரங்கன். திருமலைக்குப் போனார். "மலை மேல் எனக்குக் குளிர்கிறது" என்றாராம் ஏழுமலையான். காஞ்சிபுரம் வரதராஜர் மட்டும், "நான் யாக நெருப்பிலிருந்து வந்தவன். எனக்குத்தான் புழுக்கம். நீ விசிறு" என்றாராம். நம்பிகள் ஆயுசு பூராவும் அவருக்கு ஆலவட்டம் வீசினார்.

மாங்காட்டிலும் வெப்பத்தைத் தணித்த கதை, பூந்தமல்லியிலும் அதே! இந்த வெயிலில் வாழ்ந்தவர்கள் சாமிக்கும் வெயில் சுடும் என்று நினைத்தார்களே, அந்த மனசு எத்தனை பெரியது! பஸ்ஸில் திரும்பி வரும்போது மகள், "பாட்டி, அன்னிக்கு நான் கதவைச் சாத்திக்கிட்டேன் இல்லே..." என்று ஆரம்பித்தாள். "காத்து வேகத்துல சாத்திக்கிச்சுன்னு நான் நினைச்சேன்" என்றார் அத்தை. அவ்வளவுதான். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஆடிப்பெருக்கு அன்று எங்களுக்கு ஆறு ஏது? மாடியிலேயே எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சீசனின் கடைசி நீலம் மாம்பழம் வாங்கியிருந்தேன். வெட்டினால் கொட்டையிலிருந்து வண்டு பறந்தது. எல்லோரும் சிரித்தோம். நாவல்பழம் தின்று நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டோம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று அத்தை பழைய பெயின்ட் டப்பாக்களில் அவரையும் புடலையும் ஊன்றினார்.

சந்தோஷமாக இருந்தாலும் மேகத்தைப் பார்த்தால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இரண்டு வருஷங்கள் நினைவுக்கு வரும். ஒன்று 2015. எங்களுக்கு அருகில் உள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அந்த டிசம்பர் முதல் தேதி பெய்த பேய்மழையில் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அடையாறு கரை புரண்டு எத்தனையோ குடும்பங்கள் ஒரே ராத்திரியில் வீடு வாசல் இழந்தன. இன்னொன்று 2019. அதே ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற கால் வலி எனக்கு இன்னும் மறக்கவில்லை. நாலே வருஷ இடைவெளியில் இரண்டையும் பார்த்துவிட்டோம்.

சென்னையில் வருஷத்துக்குப் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில்தான். அது அக்டோபர் 20-ஆம் தேதி வாக்கில் ஆரம்பிக்கும். அதற்கு முன்னால், வெயில் இருக்கும்போதே வீட்டில் செய்ய வேண்டியவை சில உண்டு. 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. தொட்டி இருக்கிறது, ஆனால் அதன் மூடியைத் திறந்து பார்த்து எத்தனை நாளாயிற்று? எங்கள் வீட்டில் ஜல்லியை அள்ளிக் கழுவினால், உள்ளே ஒரு கூடை மண்ணும் சருகும்! மாடிக் குழாயின் வாயில் காக்கைக் கூடு. எல்லாவற்றையும் சுத்தம் செய்தோம். தொட்டி மூடிகளில் இடுக்கு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெங்குக் கொசு சாக்கடையில் அல்ல, நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு, மாடியில் கிடக்கும் கொட்டாங்கச்சி எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை கவிழ்த்துக் காயவிடுங்கள். மோர்மிளகாய், சுண்டைக்காய் வற்றல் போடுவதானால் இந்த வெயில்தான் கடைசி. புரட்டாசிக்குத் தள்ளினால் பூசணம் பிடிக்கும். அத்தை பத்து நாளில் இரண்டு டப்பா நிறைய மோர்மிளகாய் போட்டு முடித்தார். ஒன்று எங்களுக்கு, ஒன்று ஓசூருக்கு.

ஆவணி பிறந்தது. நல்ல நாளும் வந்தது. மாப்பிள்ளை முந்தின நாளே வந்துவிட்டார். மூட்டை முடிச்செல்லாம் ஏறியபின், அத்தை கடைசியாகக் கையிலிருந்த பனையோலை விசிறியை மகளிடம் நீட்டினார்.

"ஓசூர் குளுகுளுன்னு இருக்கும் பாட்டி. விசிறி எதுக்கு?" என்றாள் அவள்.

"திருமலைப் பெருமாள் மாதிரி பேசாதே. வாங்கிக்கோ" என்றார் அத்தை.

வண்டி பூந்தமல்லிப் பக்கம் திரும்பி மறைந்த பிறகும் தெருமுனையிலேயே நின்றோம். அன்று சாயங்காலம் மேற்கே கறுத்தது. முதலில் காற்று, பிறகு இடி, பிறகு பெரிய பெரிய துளியாக மழை. நான் கொடித் துணி எடுக்க மாடிக்கு ஓடினேன். டப்பாவில் அவரை இரண்டு இலை விட்டிருந்தது. சுத்தம் செய்த குழாய் வழியாகத் தண்ணீர் கடகடவென்று தொட்டிக்குள் இறங்கும் சத்தம் கீழே கேட்டது. அத்தை படிக்கட்டில் நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரொம்புதாடி?" என்றார்.

"ரொம்புது அத்தை" என்றேன்.

உங்கள் வீட்டிலும் இந்த முதுவேனிலில் ஒரு சாயங்காலமாவது மாடியிலோ திண்ணையிலோ பாய் விரித்து எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். மழை வந்துவிட்டால் எல்லோரும் உள்ளே போய்விட வேண்டியதுதானே!